மாசி நிலவும் மலைநாட்டுப் பாடலும்



நுவரெலியாவிலிருந்து பதுளைக்குச் செல்லும் பெருந்தெரு, ஹக்கலை மலையின் அடிவாரத்தைத் தாண்டிக் கீழே இறங்கத் தொடங்கியதும் நிலத்தின் தோற்றம் மாறுகிறது. மூடுபனி விலகுகிறது. ஊவாவின் உலர்ந்த காற்று முகத்தில் வந்து படுகிறது. ஒருபுறம் உருளைக்கிழங்குப் பாத்திகளும் மரக்கறித் தோட்டங்களும். மறுபுறம் படிப்படியாக அமைந்த வயல்கள். அவற்றுக்கு மேலே தேயிலைச் சரிவுகள். உமா ஓயா பாயும் அந்தப் பள்ளத்தாக்கிலே அமைந்த ஊர்தான் வெலிமடை.

வெலிமடைக்குச் செல்லும் வழியிலே திவுரும்பொல என்றோர் இடம் உண்டு. சத்தியம் செய்த இடம் என்பது அச்சிங்களப் பெயரின் பொருள். இலங்கையிலிருந்து மீட்கப்பட்ட சீதை தன் கற்பை நிலைநாட்டத் தீக்குளித்த இடம் அதுவே என்று அப்பகுதி மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். இன்று அங்கே ஒரு பௌத்த விகாரை இருக்கிறது. காதலித்தவள், பிரிந்தவள், தீயிலே இறங்கி மீண்டவள் ஆகிய ஒரு பெண்ணின் கதை அந்த மண்ணிலே ஓர் ஊர்ப்பெயராகவே உறைந்துவிட்டது.

அதே பள்ளத்தாக்கின் மேல் உள்ள தேயிலைத் தோட்டங்களிலே மற்றொரு தீயின் கதையும் வழங்குகிறது. மாசி மாதத்து நிலவிலே, லயங்களுக்கு நடுவிலுள்ள வெளியிலே, தப்பு முழங்க ஆடப்படுவது அக்கதை. சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்ததையும், அவன் மனைவி ரதி புலம்பியதையும் சொல்லும் காமன் கூத்து அது. முதற்கதை நிலத்தோடு நின்றது. இரண்டாவது கதையோ, கடல் கடந்து வந்த மக்களின் நினைவிலே ஏறி வந்து, இந்த மலையிலே வேரூன்றியது. அந்த இரண்டாவது தீயையும், அதைச் சுற்றி வளர்ந்த மலைநாட்டுப் பாடல்களையும் பற்றியே இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

இப்பாடல்களை நூல் வடிவிலே தேடுவோர் முதலில் கையில் எடுக்கவேண்டிய தொகுதி, சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்பதாகும். 1983ஆம் ஆண்டிலே அது வெளிவந்தது. சி. வி. அவர்கள் 1914ஆம் ஆண்டிலே மடகொம்பரைத் தோட்டத்திலே பிறந்தவர். பெரிய கங்காணிக் குடும்பத்திலே தோன்றியும் தொழிலாளரின் பக்கத்திலே நின்றவர், தொழிற்சங்கவாதி, 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர். ஆங்கிலத்திலே கவிதை எழுதியவர். தேயிலைத் தோட்டத்தைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதை 1954இல் வெளியாயிற்று. அதைச் சக்தீ அ. பால ஐயா தமிழாக்கினார்; 'தேயிலைத் தோட்டத்திலே' என்ற பெயரில் 1969இல் அது தமிழ் வாசகரை வந்தடைந்தது. ஆங்கிலக் கவிஞராகவும் அரசியல்வாதியாகவும் அறியப்பட்ட ஒருவர், எழுத்தறியாத பாட்டிமாரின் வாய்மொழியைத் தேடி ஏன் நடந்தார்? இந்த வினாவுக்கு விடை காணவேண்டுமானால் அம்மக்களின் வரலாற்றைச் சற்று நோக்கவேண்டும்.

இலங்கையின் மலைகளிலே கோப்பிப் பயிர்ச்செய்கை பெருகத் தொடங்கிய காலத்திலே, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் கூட்டங் கூட்டமாகக் கொண்டுவரப்பட்டனர். பஞ்சமும் கடனும் ஒருபுறம் தள்ளின. கங்காணியின் வாக்கு மறுபுறம் இழுத்தது. மன்னார்க் கரையிலே இறங்கிய அவர்கள், காடும் காய்ச்சலும் நிறைந்த வடபாதையிலே மாத்தளை நோக்கிக் கால்நடையாகவே வந்தனர். தலைமன்னாருக்குப் புகையிரதம் வந்தது 1914ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன் வந்தவர்களிலே எத்தனையோ பேர் வழியிலேயே மாண்டனர். அவர்களுக்குக் கல்லும் இல்லை, கணக்கும் இல்லை. 1823ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டு, 2023ஆம் ஆண்டிலே இருநூறாண்டு நிறைவை நினைவுகூர்ந்தபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்து சென்றனர். அந்த நடையே, பெயர் தெரியாத முன்னோருக்குச் செய்த காலந்தாழ்ந்த நீர்க்கடன் போலிருந்தது.

ஊவாவின் பங்கும் இவ்வரலாற்றிலே சிறிதன்று. கோப்பிச் செடியை அழித்த இலைநோய் 1869ஆம் ஆண்டிலே முதன்முதல் கவனத்துக்கு வந்தது, ஊவாவைச் சேர்ந்த மடூல்சீமைப் பகுதியிலேதான். சில பத்தாண்டுகளுக்குள் கோப்பி வீழ்ந்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1890ஆம் ஆண்டளவிலே தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பக்கத்திலே தம்பேதென்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். 1924ஆம் ஆண்டிலே புகையிரதம் பதுளையை எட்டியது. கோப்பி பருவகாலப் பயிர். அதற்காக வந்தவர்கள் ஊர் திரும்புவதும் உண்டு. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் பயிர். ஆகவே தேயிலைக்கு வந்தவர்கள் குடும்பத்தோடு தங்கினர். தங்கிய இடத்திலே தாலாட்டும் பிறந்தது, ஒப்பாரியும் பிறந்தது.

இத்தனை நிகழ்ந்தும் தோட்டத்து ஏடுகள் என்ன சொல்கின்றன? பெயர், செக்ரோல் இலக்கம், நிறுத்த கொழுந்தின் இறாத்தல், பெற்ற கடன் ஆகியவற்றைச் சொல்கின்றன. ஒருத்தி யாரை விரும்பினாள் என்பதை அவை சொல்லா. எந்தக் குழந்தையை எந்தத் தேயிலைச் செடியின் அடியிலே புதைத்துவிட்டு மறுநாள் மலைக்குப் போனாள் என்பதையும் அவை சொல்லா. அந்தப் பகுதியைப் பாடல்களே எழுதி வைத்தன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தினால் இம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டிலே வாக்குரிமையும் பறிபோயிற்று. ஒரு மக்களின் இருப்பையே சட்டம் ஒப்புக்கொள்ளாத காலத்திலே, அவர்கள் இருந்தார்கள், வாழ்ந்தார்கள், நேசித்தார்கள் என்பதற்குச் சான்று தேடியவர் வேறு எங்கே போவார்? பாராளுமன்றத்திலே இடம் இழந்த ஒருவர் பாட்டைத் தேடிப் போனதன் காரணத்தை நாம் இவ்வாறே விளங்கிக் கொள்கிறோம்.

இனி, அப்பாடல்களின் இயல்பை நோக்குவோம். முதலிலே காதல்.

நமது பழந்தமிழ் மரபிலே மலை என்றதும் குறிஞ்சித் திணை நினைவுக்கு வரும். குறிஞ்சிக்கு உரிய ஒழுக்கம் புணர்தல். தலைவனும் தலைவியும் சந்திப்பதும், தினைப்புனம் காப்பதும், தோழி துணை நிற்பதும் அந்த மலையின் காட்சிகள். மலைநாட்டுப் பாடல்களிலும் இவற்றின் சாயல் உண்டு. தினைப்புனத்துக்குப் பதிலாகக் கொழுந்து மலை. பரணுக்குப் பதிலாக நிரை. தோழிக்குப் பதிலாக அடுத்த நிரையிலே கொழுந்து பறிப்பவள். மாமன் மகனைக் கேலி செய்யும் பாடலும், அத்தை மகளுக்கு வளையலும் சேலையும் வாங்கித் தருவதாக வாக்களிக்கும் பாடலும் தெம்மாங்கு மெட்டிலே மலை முழுவதும் கேட்டன. தமிழ்நாட்டிலே வயலில் நின்று பாடிய மெட்டுகள்தாம் அவை. சொற்கள் மட்டும் கூடை, லயம், பிரட்டுக்களம், துரை, கங்காணி, கணக்கப்பிள்ளை என்று மாறிக்கொண்டன.

ஆனால் கூர்ந்து கேட்டால் இந்த மலை குறிஞ்சியாக நிற்கவில்லை என்பது புலப்படும். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து துன்பம் தரும்போது பாலை என்னும் வடிவத்தை அடையும் என்று இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்திலே காட்டினார். பாலைக்கு உரிய ஒழுக்கம் பிரிவு. மலைநாட்டுக் காதற்பாடல்களின் அடிநாதமும் பிரிவுதான். காதலன் வேறு தோட்டத்துக்குப் போய்விடுகிறான். பற்றுச்சீட்டுக் கிடைத்து இரவோடிரவாகக் குடும்பமே இடம்பெயர்கிறது. கடன் தீரும்வரை கல்யாணம் தள்ளிப்போகிறது. ஊரிலே விட்டுவந்தவளுக்குக் கடிதம் எழுதக் கை தெரியவில்லை. மழை குறையாத மலையிலே பாலை பிறந்த புதுமையை இப்பாடல்களிலே காண்கிறோம். அந்தப் பாலையைச் செய்தது வெயில் அன்று, தோட்டத்து முறை.

காதலிலிருந்து இழப்புக்குப் போகும் தூரம் இங்கே மிகக் குறைவு. தாலாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தாலாட்டு என்பது பிள்ளையை உறங்கச் செய்யும் பாட்டு. தோட்டத்துத் தாயின் தாலாட்டோ, வந்த வழியையும் விட்ட ஊரையும் சொல்லும் பாட்டாகவும் அமைந்துவிடும். கேட்கும் பிள்ளைக்குப் பொருள் தெரியாது. பாடும் தாய்க்கோ பாரம் குறையும். ஒப்பாரியும் அவ்வாறே. இறந்தவரின் நற்குணத்தை எடுத்துச் சொல்லத் தொடங்கும் ஒப்பாரி, சிறிது நேரத்திலே துரையின் கோபத்தையும் கங்காணியின் கணக்கையும் பட்டினியையும் சொல்லத் தொடங்கிவிடும். நேரிலே சொல்ல முடியாத முறைப்பாட்டைச் சவத்தின் முன்னே சொல்லலாம்; அதைத் தடுப்பார் எவரும் இலர். ஆகவே ஒப்பாரி ஒரு வகையிலே அம்மக்களின் நீதிமன்றமும் ஆயிற்று.

இந்த வாய்மொழி வன்மையை நன்கு அறிந்திருந்தவர்கள் கோ. நடேசையரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மையும் ஆவர். தோட்டத் தொழிலாளரிடையே தொழிற்சங்க இயக்கத்தை வளர்த்த அவ்விருவருள், அம்மையார் கூட்டங்களிலே மக்களுக்குத் தெரிந்த மெட்டுகளிலே பாடல்கள் பாடினார். அவை 1940ஆம் ஆண்டிலே 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற தலைப்பிலே நூலாகவும் வந்தன. மேடைப்பேச்சு எட்டாத செவியைப் பாட்டு எட்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அவர் பாடல்களைக் கேட்கக் கூடிய மகளிர், தம் லயங்களிலே ஏற்கெனவே பாடிப் பழகியவர்களே.

இனி, காதலும் இழப்பும் ஒன்றாய்ச் சேரும் புராணத்துக்கு வருவோம்.

காமதகனக் கதை பழமையானது. காளிதாசன் தன் குமாரசம்பவத்திலே நான்காம் சருக்கம் முழுவதையும் ரதியின் புலம்பலுக்கே ஒதுக்கினான். கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்திலே காமதகனப் படலம் பாடினார். மயிலாடுதுறைக்கு அண்மையிலுள்ள திருக்குறுக்கை, சிவன் காமனை எரித்த தலமாகப் போற்றப்படுகிறது. தஞ்சை மாவட்டத்திலே இக்கதையை வைத்து லாவணி பாடுவோர் இரு கட்சியாகப் பிரிந்து நிற்பர்: மன்மதன் எரிந்தான் என்பது ஒரு கட்சி, எரியவில்லை என்பது மறுகட்சி. எரிந்த கட்சி, எரியாத கட்சி என்றே அவற்றுக்குப் பெயர். விடிய விடிய நடக்கும் அவ்வாதத்துக்கு முடிவு ஏற்பட்டதில்லை.

கதை இதுதான். சூரபன்மனின் கொடுமையால் தேவர் துன்புறுகின்றனர். சிவபெருமானுக்கு ஒரு மைந்தன் பிறந்தாலன்றி அவர்களுக்கு விடிவில்லை. சிவனோ யோகத்திலே அமர்ந்திருக்கிறார். அந்த யோகத்தைக் கலைக்க மன்மதனை அனுப்பத் தேவர்கோன் தீர்மானிக்கிறான். தூதன் ஓலையோடு வருகிறான். தீய கனவு கண்ட ரதி, போகவேண்டாம் என்று கணவனைத் தடுக்கிறாள். கட்டளையை மீறமுடியாத மன்மதன் போகிறான், மலர்க்கணை தொடுக்கிறான், நெற்றிக்கண் திறக்கிறது, அவன் சாம்பலாகிறான். ரதி அழுது வேண்ட, சிவபெருமான் இரங்கி அவனை எழுப்புகிறார். ஆனால் ஒரு நிபந்தனை: அவன் உருவம் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரியும், உலகத்தார் கண்ணுக்குத் தெரியாது.

மலைநாட்டுத் தோட்டங்களிலே இக்கூத்து ஓர் இரவு ஆட்டமாக முடிந்துவிடுவதன்று. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தோன்றும் நாளையொட்டிக் காமன் கம்பம் ஊன்றப்படும். கரும்பும் ஆமணக்கும் பிற தழைகளும் சேர்த்துக் கட்டிய கம்பம் அது. அன்று முதல் இரவுதோறும் கம்பத்தைச் சுற்றிப் பாட்டும் ஆட்டமும் நடக்கும். ரதிக்கும் மதனுக்கும் கல்யாணம் நடத்துவர். வேடம் பூணுவோர் விரதம் காப்பர். ரதி வேடத்தையும் ஆடவரே தாங்குவர். பௌர்ணமியை அண்டிய இரவிலே தூதனும் வீரபத்திரனும் காளியும் வந்து ஆட, விடியும் வேளையிலே காமன் எரிக்கப்படுவான். தோட்டத்துக்குத் தோட்டம் நாளும் முறையும் சிறிது வேறுபட்டாலும் சாரம் ஒன்றே. மாத்தளை வடிவேலன், சாரல்நாடன் ஆகிய ஆய்வாளர்கள் இக்கலைகளையும் மலையகத்தின் வாய்மொழி இலக்கியத்தையும் பற்றி எழுதிய நூல்கள் நமக்குப் பெருந்துணையாக உள்ளன.

கூத்தின் உயிர்நாடி தப்பு. இந்தத் தப்பைப் பற்றி ஒரு செய்தியை நாம் மறக்கலாகாது. இருள் பிரியாத காலையிலே தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைக்க முழங்கியதும் தப்புத்தான்; சாவு வீட்டிலே முழங்கியதும் தப்புத்தான்; மாசி நிலவிலே காமனுக்கு முழங்கியதும் அதே தப்புத்தான். உழைப்பு, இழப்பு, விழா ஆகிய மூன்றும் ஒரே தோலிலே ஒலித்தன. அடிகள் மட்டும் வேறு. அந்த அடிகளின் நுட்பத்தையெல்லாம் அறிந்திருந்த கலைஞரை, அவர் பிறந்த சாதியின் பேரால் லயத்தின் கடைக்கோடியிலே ஒதுக்கி வைத்த குறையும் இவ்வரலாற்றிலே உண்டு. கலையைப் போற்றும்போது அந்தக் குறையை மறைப்பது நேர்மையன்று.

இப்போது நம் முன்னே ஒரு வினா எழுகிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்த மக்கள் எத்தனையோ கதைகளைக் கொண்டு வந்தனர். பொன்னர் சங்கர் கதை வந்தது. அருச்சுனன் தபசு வந்தது. இவையும் இங்கே ஆடப்பட்டன. ஆயினும் காமன் கூத்துப்போல வேறொன்றும் தோட்டத்து வாழ்வின் ஆண்டு ஒழுங்கோடு இவ்வளவு ஆழமாகப் பிணையவில்லை. காரணம் என்ன?

ஆவணம் எதுவும் இதற்கு விடை தராது. கதையையும் வாழ்வையும் அருகருகே வைத்துப் பார்த்து நாமே உய்த்துணர வேண்டியதுதான். மன்மதன் தன் நலத்துக்காகக் கயிலைக்குப் போகவில்லை. மேலிடத்திலிருந்து ஓலை வந்தது, போனான். அவன் செயலால் பயன் பெற்றவர்கள் தேவர்கள், எரிந்தவன் அவன். இக்கதையை லயத்து முற்றத்திலே குந்தியிருந்து கேட்ட ஒருவனுக்கு, கங்காணியின் சொல்லைக் கேட்டுக் கப்பலேறிய தன் பாட்டனின் நினைவு வராதிருக்குமா? தேயிலையால் செழித்தவர்கள் வேறு. தேயிலைக்கு உரமானவர்கள் வேறு. போகாதே என்று தடுத்த ரதியின் குரலிலே, புதுக்கோட்டையிலோ சேலத்திலோ வாசலில் நின்று தடுத்த ஒரு மனைவியின் குரலும் கலந்தே ஒலித்திருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் இன்னும் நுண்ணியது. எரிந்தவன் திரும்பி வருகிறான். ஆனால் ரதி ஒருத்திக்கு மட்டுமே தெரிகிறான். உலகம் அவனை இல்லை என்கிறது. அவளோ இருக்கிறான் என்கிறாள். வடபாதையிலே மாண்டவரை எந்த ஏடு அறியும்? தேயிலைத் தூரின் அடியிலே கிடப்பவரை எந்தக் கல்லறை காட்டும்? அவர்களை நேசித்தவர்களின் நினைவிலேதான் அவர்கள் நடமாடினர். ஆக, எரிந்த கட்சிக்கும் எரியாத கட்சிக்கும் தஞ்சையிலே முடியாத வழக்குக்கு, மலைநாடு தன் வாழ்வினால் ஒரு தீர்ப்பு எழுதியது: எரிந்தான் என்பதும் உண்மை, இருக்கிறான் என்பதும் உண்மை, பாடுவோர் இருக்கும்வரை இரண்டாவது உண்மை நிலைக்கும்.

இந்தத் தீர்ப்புக்கு வந்த கடுஞ்சோதனை 1964ஆம் ஆண்டிலே எழுந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். நாடற்றவராகக் கணிக்கப்பட்ட 975,000 பேரிலே 525,000 பேரை இந்தியா ஏற்பது. 300,000 பேரை இலங்கை ஏற்பது. மிகுந்த 150,000 பேரின் நிலையைப் பின்னர் தீர்மானிப்பது. 1974ஆம் ஆண்டிலே அந்த மிகுதியையும் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. இலக்கங்களைப் பங்கிடுவது எளிது. குடும்பங்களைப் பங்கிடுவது அவ்வாறன்று. அண்ணன் ஒரு நாடு, தங்கை ஒரு நாடு என்று பிரிந்தனர். விரும்பியவனின் பெயர் ஒரு பட்டியலிலும் விரும்பியவளின் பெயர் மற்றொரு பட்டியலிலும் இருந்தது.

பதுளை முதலிய மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட புகையிரதத்துக்கு மக்கள் 'அழுகைக் கோச்சி' என்று பெயர் வைத்தனர். அந்தப் பெயரே ஒரு கவிதை. புகையிரதத்தின் உள்ளே இருந்தவரும் அழுதனர். மேடையிலே நின்றவரும் அழுதனர். பாட்டன் கால்நடையாய் வந்த வழியிலே பேரன் புகையிரதத்தில் திரும்பினான், அவ்வளவே வேறுபாடு. அன்று விட்டுவந்த ஊரை நினைந்து மலையிலே பாடினர். பின்னர் விட்டுவந்த மலையை நினைந்து நீலகிரியிலும் பிற இடங்களிலும் ஏங்கினர். பாலைத் திணை தன் திசையை மாற்றிக்கொண்டது.

சி. வி. அவர்களின் தொகுதி வெளியான 1983ஆம் ஆண்டும் துயரம் நிறைந்த ஆண்டுதான். அவ்வாண்டு யூலை மாதத்திலே பதுளையிலும் தமிழர் கடைகளும் வீடுகளும் தீக்கிரையாயின. அடுத்த ஆண்டிலே சி. வி. காலமானார். ஊர் எரிந்த ஆண்டிலே பாட்டு அச்சேறியது என்னும் இந்த இணைவு தற்செயலானதுதான். ஆயினும், இருப்பதைத் தீ எவ்வளவு விரைவில் கொண்டுபோகும் என்பதை உணர்ந்தவருக்கு, பாடலை ஏட்டில் ஏற்றுவது பொழுதுபோக்கு அன்று என்பது தானே விளங்கும்.

ஆனால் நேயர்களே, ஏட்டில் ஏறியதோடு எல்லாம் காப்பாற்றப்பட்டதாக நாம் எண்ணிவிடக் கூடாது. அச்சிலே சொல் கிடைக்கும், மெட்டுக் கிடையாது. மெட்டுக் கிடைத்தாலும் தப்பின் அடி கிடையாது. பாடுபவள் எந்த இடத்திலே மூச்சை இழுத்தாள், எந்த இடத்திலே சொல்லை விழுங்கினாள் என்பது தாளிலே தெரியாது. மேலும், தொகுத்தவர் நடந்த தோட்டங்களின் பாடல்கள் தொகுதியிலே இடம்பெறும். நடக்காத தோட்டங்களின் பாடல்கள் விடுபடும். ஹற்றன், தலவாக்கலைப் பக்கத்து வழக்கும் ஊவாப் பக்கத்து வழக்கும் முற்றிலும் ஒன்றாய் இருப்பதில்லை. வெலிமடை, ஹாலிஎல, பசறை, லுணுகலை, மடூல்சீமை, நமுனுகுலை ஆகிய பகுதிகளிலே ஒவ்வொரு தோட்டத்துக் காமன் பாட்டையும் தனித்தனியே பதிவு செய்து, ஒப்புநோக்கி வெளியிடும் பணி நிறைவாகச் செய்யத்தக்கதொன்று.

அப்பணிக்குக் காலமும் குறுகி வருகிறது. தோட்டத்து இளைஞர் கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் தொழில் தேடிச் செல்கின்றனர். கல்வி பரவியது நல்லதே. உலகம் விரிந்ததும் நல்லதே. ஆயினும், கம்பம் ஊன்றும் இரவிலிருந்து எரிக்கும் விடியல் வரைக்குமான பாட்டு முழுவதையும் மனத்திலே வைத்திருக்கும் வாத்தியார்கள் முதுமை எய்துகின்றனர். அவர்களுள் ஒருவர் மறையும்போது பிரதி இல்லாத ஓர் ஏட்டுச்சுவடி அழிகிறது. பழைய ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ. வே. சாமிநாதையரை நாம் போற்றுகிறோம். அவர் தேடிய ஏடுகளுக்காவது வீட்டுப் பரண் இருந்தது. இந்த ஏடுகளுக்கோ மனித நெஞ்சைத் தவிர வேறு பரண் இல்லை.

ஆகவே, மலைநாட்டிலே வாழும் நேயர்களுக்கு, சிறப்பாக ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒலியைப் பதிவு செய்யும் கருவி இன்று ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. உங்கள் அப்பாயியிடம் உட்கார்ந்து ஒரு தாலாட்டைப் பாடச் சொல்லுங்கள். காமன் கூத்து வாத்தியாரிடம் ரதி புலம்பலை முழுமையாகச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், நாள் ஆகிய மூன்றையும் தவறாது குறியுங்கள். அவர்களுடைய பாட்டன்மாருக்குத் தோட்டத்து ஏடு மறுத்த மதிப்பை நீங்கள் கொடுத்தவர்களாவீர்கள்.

கூத்து முடிந்த மறுநாட் காலையிலே அந்த வெளிக்குச் சென்றால், எரிந்த கம்பத்தின் கரியும் சாம்பலுமே கிடக்கும். சிறுவர் சிலர் அதைச் சுற்றி விளையாடிக் கொண்டிருப்பர். இரவெல்லாம் ரதியாக அழுதவர், முகத்தரிதாரம் முழுவதும் கலையாத நிலையிலே, மலைக்குப் போகப் புறப்பட்டுக் கொண்டிருப்பார். அடுத்த மாசியிலே மீண்டும் பச்சைக் கரும்பு வெட்டி, அதே இடத்திலே கம்பம் ஊன்றுவார்கள். பாடத் தெரிந்த ஒருவர் அப்போதும் அங்கே இருக்கவேண்டும்.